பெயர் ஒன்று, சில்லு வேறு: மடிக்கணினி கிராபிக்ஸை நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் வீட்டு முன்னறையில் கணினி பழுது பார்க்கிறேன். போன மாதம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் மகனோடு வந்தார். பையன் அனிமேஷன் படிக்கப் போகிறான். கையில் என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4070 என்ற கிராபிக்ஸ் சில்லு உள்ள புது மடிக்கணினி. “அண்ணே, என் கூட்டாளி வீட்டு பிசியிலயும் 4070தான். அவனுக்கு ரெண்டரிங் சீக்கிரம் முடியுது, எனக்கு இழுக்குது. இது பழுதா?” என்று கேட்டான். (ரெண்டரிங் என்றால், வடிவமைத்த காட்சியைக் கணினி முழுப் படமாக்கும் வேலை.)

பழுது ஒன்றும் இல்லை. ஆனால் விற்ற கடையில் “ரெண்டும் ஒன்னுதான்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த அக்கா மாதக்கணக்கில் சேர்த்த காசு அது. எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று அவர்களுக்குக் காட்டியதை அப்படியே இங்கே எழுதுகிறேன். மடிக்கணினியும் அதோடு வந்த சார்ஜரும் அரை மணி நேரமும் இருந்தால் போதும்.

படி 1: உள்ளே இருப்பது எது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போனால் இடப்பக்கம் கீழே ‘ஜிபியு 0’, ‘ஜிபியு 1’ என்று தெரியும். ஜிபியு என்றால் கிராபிக்ஸ் சில்லு. இன்டெல் அல்லது ஏஎம்டி பெயரில் ஒன்று இருந்தால், பெரும்பாலும் அது பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ். அதற்கென்று தனி நினைவகம் கிடையாது, கணினியின் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். என்விடியா பெயரில் இருப்பது தனிச் சில்லு. அதன் பெயரைக் கடைசி வரை படியுங்கள். ‘ஆர்டிஎக்ஸ் 4070 லேப்டாப் ஜிபியு’ என்று இருக்கும். அந்தக் கடைசி இரண்டு சொற்களில்தான் விஷயமே இருக்கிறது.

படி 2: எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

மேசைக்கணினி 4070இல் 5888 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 12 ஜிபி நினைவகம், 200 வாட் மின்சாரம். மடிக்கணினி 4070இல் 4608 கோர்கள், 8 ஜிபி, என்விடியா பட்டியலில் 115 வாட் வரை. முன்னதில் இருப்பது ஏடி104 என்ற சில்லு, பின்னதில் இருப்பது ஏடி106. அதாவது சில்லே வேறு.

மேலே போகப் போக இடைவெளி பெரிதாகும். ஆர்டிஎக்ஸ் 5090 மேசைக்கணினியில் 21,760 கோர்களோடு 575 வாட் இழுக்கும். அதே பெயரில் மடிக்கணினிக்கு வருவதில் 10,496 கோர்கள், பாதிகூட இல்லை. ஆனால் 4060 மட்டும் இரண்டிலும் 3072 கோர், 8 ஜிபி. அதனால் நல்ல மின்சாரம் கொடுக்கும் தடிமனான மடிக்கணினியில் 4060 வாங்கியவர்கள் பெரிதாக ஏமாறவில்லை.

ஏன் இப்படி? எல்லாம் சூடுதான். பையனுக்குப் புரியட்டும் என்று ஒரு பழைய மேசைக்கணினி கிராபிக்ஸ் கார்டை அவன் கையில் கொடுத்தேன். கை கனத்தது. அந்தக் கனத்தில் பெரும்பகுதி அலுமினியத் தகடுகளும் செப்புக் குழாய்களும்தான். சூட்டை வாங்கி வெளியே தள்ளவே அத்தனை உலோகம். மடிக்கணினியிலோ தட்டையான இரண்டு மூன்று செப்புக் குழாய்கள், விரல் தடிமன்கூட இல்லாத விசிறிகள். அதையும் பல மாடல்களில் பிராசசரும் கிராபிக்ஸும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 200 வாட்டை அங்கே இறக்கினால் தாங்காது.

படி 3: உங்களுடையது எத்தனை வாட்?

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஒரே மடிக்கணினிச் சில்லுக்கு 35 வாட்டும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். மடிக்கணினி செய்யும் நிறுவனம்தான் முடிவு செய்கிறது. முன்பு மடிக்கணினிச் சில்லு என்று காட்ட 980எம் என்று பெயரிலேயே ‘எம்’ எழுத்து இருந்தது, 2016இல் 1080 போன்ற 10 வரிசைச் சில்லுகளோடு அது போய்விட்டது. 2017இல் மெல்லிய மடிக்கணினிகளுக்கு ‘மேக்ஸ்-கியூ’ என்று போட்டார்கள். 2021இல் 3070 போன்ற 30 வரிசை வந்தபோது அதுவும் பெயரிலிருந்து போயிற்று. ஆகவே இப்போது பெயரை வைத்து வாட்டைக் கண்டுபிடிக்க வழியில்லை.

திரையில் வலது கிளிக் செய்து என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ போங்கள். ‘மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்’ என்ற வரிக்கு எதிரே இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: சார்ஜரோடும் இல்லாமலும்

ஒரு விளையாட்டையோ பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளையோ ஓடவிடுங்கள். இரண்டு நிமிடம் கழித்துச் சார்ஜரைப் பிடுங்குங்கள். வேகம் சட்டென்று இறங்கும். அந்த அளவு மின்சாரத்தைப் பேட்டரியால் கொடுக்க முடியாது. போன் சார்ஜர் மாதிரி இருக்கும் 65 வாட் டைப்-சி சார்ஜரைப் போட்டாலும் முழு வேகம் வராது. பையன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்! பெட்டியில் வந்த பெரிய சார்ஜர் கனம் என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

படி 5: சூடு

டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பெயருக்குக் கீழேயே வெப்பநிலை தெரியும். வேலை ஓடும்போது 85 டிகிரிக்கு மேலேயே நின்றால், சில்லு தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும் இடத்துக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மெத்தையிலிருந்து மேசைக்கு மாற்றுங்கள். பின்பக்கம் இரண்டு போத்தல் மூடியை வைத்துத் தூக்கிவிடுங்கள். நம் மதிய வெயிலில் அதுவே சில டிகிரி குறைக்கும்.

அப்புறம் தூசு. செம்மண் சாலை ஓரம் இருக்கும் வீடுகளிலிருந்து வரும் மடிக்கணினிகளைத் திறந்தால், விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி பழுப்பாக ஒரு படலம் இருக்கும். நகத்தால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வரும். மிச்சத் தூசு போகக் காற்றடிக்கும்போது விசிறி சுற்றாமல் ஒரு பல்குத்தியால் பிடித்துக்கொள்ளுங்கள்.

தனிச் சில்லு இல்லாதவர்களுக்கு

கவலைப்படாதீர்கள். கிராபிக்ஸ் ரேமைப் பங்கு போடுவதால் ரேமின் வேகம்தான் அதன் வேகம். ஒரே ஒரு ரேம் துண்டு இருந்து, இன்னோர் இடம் காலியாக இருந்தால், அதே அளவில் இன்னொன்று போடுங்கள். தரவு போகும் வழி இரட்டிப்பாகும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இன்னும் வாங்காதவர்களுக்கு

மேசைக்கணினி கார்டைக் கழற்றி நாளைக்கு வேறு போடலாம். மடிக்கணினியின் சில்லு அநேகமாக மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும், மாற்ற முடியாது. வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைக்கு மேசைக்கணினிதான் என்று தயங்காமல் சொல்வேன். விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு மடிக்கணினி. ஆனால் காசு கொடுப்பதற்கு முன் “இதுல கிராபிக்ஸ் எத்தனை வாட்?” என்று கடையில் கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி விடுதிக்குத்தான் போகிறான். அவன் சில்லுக்கு 115 வாட் இருந்தது, நல்லதுதான். பெரிய சார்ஜரைப் பைக்குள் போட்டுவிட்டானா என்று அக்காவிடம் போன் போட்டுக் கேட்டேன். போட்டுவிட்டானாம்.