மேசை ஆணா, பெண்ணா? பள்ளி இறுதியில் அயல்மொழி படிப்போர் செய்யும் தவறுகள்

பள்ளியின் இறுதி ஈராண்டுகளில் ஜெர்மனையோ பிரெஞ்சையோ பாடமாக எடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, அவர்களுடைய குறிப்பேடுகளில் என் பழைய பிழைகளையே நான் திருத்திக்கொண்டிருக்கிறேன். நாள்தோறும் படிக்க வேண்டும், வகுப்பைத் தவறவிடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

## பாலை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் படிப்பது

என் முதல் ஜெர்மன் குறிப்பேட்டில் “டிஷ் – மேசை, லோஃபெல் – கரண்டி, காபெல் – முள்கரண்டி, மெஸர் – கத்தி” என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். எந்தச் சொல்லுக்கு முன்னும் ஆர்ட்டிகிள் (பெயருக்கு முன் வந்து அதன் பாலைக் காட்டும் சிறுசொல்) கிடையாது. பொருள் தெரிந்தால் போதும், பாலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒருவர் இதே கணக்கோடு வந்து நிற்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

தமிழில் பொருளைப் பார்த்தாலே பால் தெரிந்துவிடுகிறது; மேசையும் கரண்டியும் அஃறிணை, சிறுமி பெண்பால் என்பதில் நமக்கு ஐயமே எழுவதில்லை. ஜெர்மனில் கரண்டி ஆண்பால் (டேர்), முள்கரண்டி பெண்பால் (டீ), கத்தி இரண்டிலும் சேராத நடுப்பால் (தாஸ்). சிறுமியைக் குறிக்கும் மேட்ஷென் என்ற சொல்லும் நடுப்பாலே. ஏனென்றால் சிறுமைப் பொருள் தரும் ‘ஷென்’ என்ற விகுதியில் முடியும் பெயர்கள் அனைத்தும் அந்தப் பாலில்தான் வரும். ஒரு மொழியில் கற்றதை இன்னொன்றுக்குக் கொண்டுபோகவும் முடியாது: ஜெர்மனில் ஆண்பாலாக இருக்கும் மேசை பிரெஞ்சில் பெண்பால்.

இதன் விலையை நான் வாய்மொழித் தேர்வில் கொடுத்தேன். வீட்டுக்கு ஒரு பழைய மேசை வாங்கியதைச் சொல்ல வேண்டியிருந்தது. “ஐனென் ஆல்டென் டிஷ்” என்று வர வேண்டிய இடத்தில், மேசையை நடுப்பாலாக எண்ணி “ஐன் ஆல்டெஸ் டிஷ்” என்றேன்; அடுத்த வாக்கியத்தில் ‘அதை’ என்பதற்கு ‘ஈன்’ என்னாமல் ‘எஸ்’ என்றேன். தெரியாதது ஒன்றுதான், ஆனால் ஆர்ட்டிகிள், பெயரடை, பிரதிப்பெயர் என மூன்று இடங்களில் பிழை விழுந்தது. தேர்வாளர் இரக்கப்பட்டு, அதை எங்கே வாங்கினீர்கள் என்று ‘ஈன்’ என்பதை அழுத்தி மறுகேள்வி கேட்டார். ‘ஈன்’ என்றால் ‘அவனை’ என்றும் பொருள் உண்டல்லவா? அவர் யாரோ ஓர் ஆளைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, நான் என் தாத்தாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன்.

பால் பின்னால் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழகிவிட்ட நூற்றுக்கணக்கான சொற்களை மீண்டும் எடுத்து ஆர்ட்டிகிள் ஒட்டுவது, புதிதாகப் படிப்பதைவிடக் கடினம். இறுதியாண்டில் மற்றவர்கள் கட்டுரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தபோது நான் அந்த ஒட்டு வேலையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாளிலிருந்தே ‘டேர் டிஷ்’ என்பதை ஒரே சொல்லாக எழுதுங்கள், ஒரே மூச்சில் சொல்லுங்கள். பிரெஞ்சில் உயிரொலியில் தொடங்கும் சொற்களுக்கு முன் ஆண்பாலுக்கான ‘ல’, பெண்பாலுக்கான ‘லா’ இரண்டுமே ‘ல்’ என்று சுருங்கிப் பாலை மறைத்துவிடும் என்பதால், பள்ளியை ‘லெகோல்’ என்று எழுதாமல் பெண்பாலைக் காட்டும் ‘யூன்’ சேர்த்து ‘யூன் எகோல்’ என்று எழுதுவதே நல்லது. ‘ல லீவ்ர்’ புத்தகம், ‘லா லீவ்ர்’ எடையைக் குறிக்கும் பவுண்டு. ‘ல தூர்’ சுற்று, ‘லா தூர்’ கோபுரம். ஜெர்மனில் ‘உங்’ என்ற விகுதியில் முடியும் பெயர்கள் பெண்பால் என்பது போன்ற விதிகள் ஓரளவு சுமையைக் குறைக்கும். பிரெஞ்சில் ‘ஆஜ்’ என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால் என்ற விதியை மட்டும் கண்மூடி நம்ப வேண்டாம். கடற்கரை, பக்கம், படம், கூண்டு ஆகியவற்றுக்கான சொற்கள் அப்படி முடிந்தும் பெண்பாலாகவே இருக்கின்றன.

## மொழிபெயர்ப்புச் செயலி

தேர்வறைக்குள் அது வராது.

## பேசுவதற்குப் பதில் ஒப்பிப்பது

ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட, ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் கொண்ட மொழித்திறன் சட்டகம், தொடர்ந்து பேசுவதையும் பிறரோடு உரையாடுவதையும் தனித்தனித் திறன்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. மனப்பாடம் செய்த பத்தி முதலாவதற்கு ஓரளவு உதவலாம். “ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?” என்று ஒரு குறுக்குக் கேள்வி வந்தால் அது அங்கேயே நின்றுவிடும்.

## ஆங்கிலச் சாயலை நம்புவது

ஜெர்மனில் ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு.

## பாடநூலாக உள்ள நாவலை மொழிபெயர்ப்பில் மட்டும் படிப்பது

கதை முழுவதும் தெரிந்திருக்கும். அதைப் பற்றி எழுத மூலமொழியில் பத்துச் சொற்கள்கூட இருக்கமாட்டா. அதைவிட, பிரெஞ்சு நாவல்களில் பரவலாக வரும் ‘பாஸே சேம்ப்ல்’ என்ற எழுத்துவழக்கு இறந்தகாலம் பேச்சில் அநேகமாக இல்லாததால், மூலத்தைத் தொடாதவர்களுக்கு அது கடைசிவரை அயலாகவே இருந்துவிடுகிறது. ‘இல் வீ’ என்பதை ‘அவன் வாழ்கிறான்’ என்றும் படிக்கலாம், ‘அவன் கண்டான்’ என்றும் படிக்கலாம். என்னிடம் படித்த ஒருவர், கதாநாயகன் ஓர் ஒளியைக் கண்டான் என்ற வரியை, அவன் ஓர் ஒளியாக வாழ்கிறான் என்று கொண்டு அதற்கு ஒரு பக்க விளக்கமும் எழுதியிருந்தார்.