கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன்: கணக்குப் போடும் முறை

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் மொத்த அளவு ஆணின் ரத்தத்தில் லிட்டருக்கு 8 முதல் 12 நானோமோல் வரை வந்தால், அந்த ஒரு எண்ணை வைத்து குறைபாடு என்று முடிவுகட்டக் கூடாது. ரத்தத்தில் இருப்பதில் பெரும்பகுதி எஸ்எச்பிஜி (SHBG, பாலியல் ஹார்மோன்களைச் சுமக்கும் புரதம்), ஆல்புமின் ஆகிய புரதங்களோடு ஒட்டியிருக்கும். ஒட்டாமல் இருப்பது, அதாவது கட்டற்றது, சுமார் 2 விழுக்காடுதான். உடல் பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும் எஸ்எச்பிஜியைக் குறைக்கும். கூடவே மொத்த அளவும் இறங்கும். கட்டற்ற அளவோ சரியாகவே இருக்கலாம். நம் தமிழ் ஆண்களிடம் நீரிழிவு அதிகம் என்பதால் சிங்கப்பூரில் இதை மறக்கவே கூடாது. முதுமை, கல்லீரல் சுருக்கம், தைராய்டு மிகை, வலிப்புக்கான ஃபெனிடோயின் மாத்திரை ஆகியவை எஸ்எச்பிஜியை ஏற்றிவிடும்.

ரத்தம் எடுப்பது காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில். பலதுறை மருந்தகத்துக்கு வரும் வழியில் ஒரு தே தாரே குடித்துவிட்டாலும் அதிலுள்ள சர்க்கரை டெஸ்டோஸ்டிரோன் அளவைக் கீழே இழுக்கும். இரவு வேலை பார்ப்பவருக்குத் தூங்கி எழுந்த பிறகு எடுங்கள். காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். குறைவாக வந்தால் வேறொரு நாள் திரும்ப எடுத்தே ஆக வேண்டும்.

முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமினைப் பற்றிக் கேட்காமல் விடாதீர்கள். சில கருவிகளில் அது டெஸ்டோஸ்டிரோனை உயர்த்தியும் எஸ்எச்பிஜியைத் தாழ்த்தியும் காட்டும். இரண்டு பிழையும் சேர்ந்து கட்டற்ற அளவைப் பொய்யாக ஏற்றிவிடும். அதிக டோஸ் எடுப்பவர் குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு வரட்டும்.

இனி, கட்டற்ற அளவைக் கணக்கிட 1999இல் வெளியான வெர்மியூலன் சூத்திரம். டெஸ்டோஸ்டிரோன், எஸ்எச்பிஜி இரண்டும் நானோமோல்/லிட்டரில் இருக்க வேண்டும். நானோகிராம்/டெசிலிட்டரில் வந்த டெஸ்டோஸ்டிரோனை 0.0347ஆல் பெருக்குங்கள்.

க = 1 + (ஆல்புமின் கிராம்/லிட்டர் × 0.5217). ஆல்புமின் 43 என்றால் க = 23.43.
ங = க + எஸ்எச்பிஜி − மொத்தம்.
கட்டற்றது = [√(ங² + 4 × க × மொத்தம்) − ங] ÷ (2 × க).

மொத்தம் 12, எஸ்எச்பிஜி 60 என்று வைப்போம். ங = 71.43, வர்க்கமூலம் 78.91, விடை 0.160 நானோமோல், அதாவது 160 பிக்கோமோல். அதே 12க்கு எஸ்எச்பிஜி 20 என்றால் 310 பிக்கோமோல். ஐரோப்பிய ஆய்வுகளில் ஆண்களுக்குப் பயன்படும் கீழ் எல்லை சுமார் 220 பிக்கோமோல். மொத்த அளவு ஒன்றேதான், ஆனால் இருவரும் எல்லைக்கு இரு பக்கமும் நிற்கிறார்கள்.

ஆல்புமினை 43 என்று வைத்துக்கொள்வது பெரும்பாலும் போதும். கல்லீரல் நோயில் அது 25க்கு இறங்கியிருந்தால் மேலே சொன்ன 160 என்பது 186 ஆகும். அங்கே அளந்த எண்ணையே போடுங்கள்.

கட்டற்ற அளவை அனலாக் முறையில் (டெஸ்டோஸ்டிரோனை ஒத்த மூலக்கூறைக் கொண்டு) நேரடியாகக் காட்டும் மலிவான கிட்டுகளை நம்பாதீர்கள். அவை எஸ்எச்பிஜியின் போக்கிலேயே போகும். உரைகல், சவ்வின் வழியே கட்டற்றதைப் பிரித்து அளக்கும் சமநிலை டயாலிசிஸ்தான். பெண்களின் அளவு மிகக் குறைவு என்பதால் மொத்தத்தை மூலக்கூறின் எடையை வைத்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் அளந்த பிறகே கணக்குப் போட வேண்டும். 220 என்ற எல்லை அவர்களுக்குப் பொருந்தாது.

ஆணுக்கு இரண்டு முறையும் எல்லைக்குக் கீழே வந்து, பாலுணர்வுக் குறைவு, காலை விறைப்பு இல்லாமை போன்ற அறிகுறிகளும் இருந்தால் அடுத்து பிட்யூட்டரிச் சுரப்பியின் ஹார்மோன்களான எல்எச், எஃப்எஸ்எச், புரோலாக்டின் பாருங்கள்.