இரவல் ஆட்டக்காரருக்கு ஏழாம் எண்ணைக் கொடுக்காதீர்கள்

ஒவ்வொரு சீசனிலும் வடக்கு இங்கிலாந்தின் ரக்பி லீக் கிளப்புகளில் அணி நிர்வாகத்துக்குப் புது ஆட்கள் வருகிறார்கள். இங்கிலாந்தின் முதல்தர லீக்கான சூப்பர் லீகுக்குக் கீழே ஆடும் ஒரு கிளப்பில் வீரர் பதிவையும் இரவல் ஒப்பந்தங்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை என்பதால், அவர்களோடு அடிக்கடி பேச வேண்டியிருக்கிறது. முன்பு எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

படிவத்தில் கையெழுத்து விட்டுப்போவது, கடைசித் தேதியைத் தவறவிடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. ஒருமுறை திட்டு வாங்கினால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். பெரிய கிளப்புகளில் இருந்து வீரர்களை இரவல் வாங்குவதில் நடக்கும் தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

ரக்பி என்றாலே 15 பேர் ஆடும் யூனியன் ஆட்டத்தை நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரக்பி லீக் 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் பிரிந்து வந்த தனி ஆட்டம். அணிக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் (பந்தோடு ஓடுபவரை எதிரணி பிடித்து நிறுத்துவது) வரைதான் உரிமை. அதற்குள் எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ட்ரை போட வேண்டும், முடியாவிட்டால் பந்தை உதைத்து எதிரணியை அவர்கள் கோட்டுப் பக்கம் தள்ள வேண்டும்.

வீரரைப் பகிர்ந்துகொள்ள இரண்டு வழி உண்டு. லோன் என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு ஆள் நம்மிடம் வந்துவிடுவார். இன்னொன்று இரட்டைப் பதிவு, இங்கே 2013-இல் வந்தது. வீரர் பெரிய கிளப்பின் ஆளாகவே இருப்பார். இந்த வாரம் அங்கே ஆடுகிறாரா, நம்மிடம் வருகிறாரா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். லீட்ஸ் ரைனோஸ் ஹன்ஸ்லெட்டோடும், ஹல் எஃப்சி டான்காஸ்டரோடும், விகன் எங்கோ தெற்கே இருந்த சவுத் வேல்ஸ் ஸ்கார்பியன்ஸோடும் முன்பு இப்படிக் கைகோத்திருந்தன. இளம் வீரருக்குப் பெரியவர்களோடு மோதும் ஆட்டம் கிடைக்கும், சின்ன கிளப்புக்குக் காசில்லாமல் தரமான ஆள் கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான், நான் அதற்கு எதிரி இல்லை.

லோனையும் இரட்டைப் பதிவையும் ஒன்றாக நினைப்பது

லோனில் வந்தவரை வைத்துத் திட்டம் போடலாம். இரட்டைப் பதிவில் வருபவரை வைத்துப் போட முடியாது. மற்ற எல்லாக் குழப்பமும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஏழாம் எண்ணை இரவல் வாங்குவது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் நடக்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த ஆட்டத்தில் 1, 6, 7, 9 ஆகிய நான்கு எண்களை அணியின் முதுகெலும்பு என்பார்கள். ஃபுல்பேக், ஸ்டாண்ட் ஆஃப், ஹாஃப்பேக், ஹூக்கர். இதில் ஏழாம் எண் ஹாஃப்பேக்தான் மைதானத்தில் அணியை நடத்துபவர். முதல் டேக்கிளில் எந்தப் பக்கம் மோதுவது, மூன்றாவதில் யார் யாருக்குக் குறுக்கே ஓடுவது, கடைசி டேக்கிளில் உயரமாக உதைப்பதா, தரையோடு உருட்டுவதா என்று எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொல்பவர் அவர். அந்தக் கத்தலுக்கு ஒவ்வொரு கிளப்பிலும் தனிச் சங்கேதச் சொற்கள் உண்டு.

இப்போது பெரிய கிளப்பில் இருந்து இருபது வயது ஹாஃப்பேக் ஒருவர் இரட்டைப் பதிவில் வருகிறார். கை வேகம், உதை நீளம், பார்வை எல்லாமே நம் ஆளைவிட ஒரு படி மேல். புதுப் பயிற்சியாளருக்குக் கண் விரிகிறது. நம்முடைய சொந்த ஏழாம் எண்ணை உட்கார வைத்துவிட்டு வந்தவரிடம் சட்டையைக் கொடுக்கிறார். இரண்டு வாரம் வெற்றி. உடனே அணியின் நகர்வுகளையெல்லாம் இந்தப் பையனுக்கு ஏற்ப மாற்றுகிறார்கள். சங்கேதச் சொற்கள்கூட அவருடைய கிளப்பில் புழங்குவதாக மாறிவிடுகின்றன.

நம் பக்கத்து வீரர்கள் பகுதி நேரக்காரர்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். பகலெல்லாம் கட்டட வேலை, பள்ளி வேலை, வேன் ஓட்டுவது. பயிற்சி வாரத்தில் இரண்டு மூன்று மாலைதான். அந்தச் சில மணி நேரத்தில் கற்றுக்கொண்டதை இன்னொரு மாலையில் மாற்றிவிட முடியாது.

அப்புறம் அந்தப் போன் வருகிறது. பெரிய கிளப்பின் ஆட்டம் பெரும்பாலும் வியாழன், வெள்ளி, சனியில். நம் ஆட்டம் பெரும்பாலும் ஞாயிறு மதியம். வெள்ளிக்கிழமை காலைப் பயிற்சியில் அவர்களுடைய ஹாஃப்பேக்குக்குத் தொடை பிடித்துக்கொள்கிறது. பையனைத் திருப்பி அழைக்கிறார்கள். அவரை அங்கே ஆடவும் விட மாட்டார்கள் பல நேரம். கையிருப்பு ஆளாகப் பையோடு கூட்டிப்போய் உட்கார வைப்பார்கள். ஒரே வாரத்தில் இரண்டு பக்கமும் ஆட முடியாது என்பதால், தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று பிடித்து வைத்துக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒப்பந்தம் அப்படி.

ஞாயிறு மதியம் என்ன நடக்கும்? நான் எல்லைக்கோட்டில் நின்று பார்த்த ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். ஐந்தாவது டேக்கிள் முடிந்து ஹூக்கர் பந்தின் மேல் குனிகிறார். யாரிடமிருந்தும் சத்தம் இல்லை. இடப்பக்கம் இரண்டு பேர், வலப்பக்கம் மூன்று பேர், எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஹூக்கர் இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார், கடைசியில் பக்கத்தில் நின்ற ப்ராப்பிடம், அதாவது முட்டி முன்னேறும் கனத்த முன்வரிசை ஆளிடம், கொடுக்கிறார். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் அந்த மனிதர் பந்தை உதைப்பதற்காக அணியில் இல்லை. அப்படியே முட்டி விழுகிறார், ஆறு டேக்கிள் முடிந்தது, பந்து எதிரணிக்கு. அதுவும் மைதானத்தில் நம் பக்கத்துப் பாதியில். முதல் பாதியிலேயே இது திரும்பத் திரும்ப நடந்தது.

பல வாரமாக உட்கார்ந்திருந்த சொந்த ஹாஃப்பேக்கும் அன்று களத்தில்தான் இருந்தார். புதுச் சங்கேதங்கள் அவருக்குத் தெரியாது, பழையவற்றை மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். தோற்றதற்குப் பழி அவர் மேல் விழுந்தது. அந்த சீசன் முடிந்ததும் வேறு கிளப்புக்குப் போய்விட்டார். உள்ளூர் சிறுவர் அணியில் இருந்து வந்த ஆள். அவருக்காகவே ஞாயிறு மதியம் டிக்கெட் வாங்கிய குடும்பங்கள் இருந்தன. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று சொல்லி வைத்தது இதற்குத்தான். தோற்றுப்போன ஆட்டங்களின் புள்ளியைவிட அந்த ஒரு ஆளை இழந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்படியென்றால் எந்த இடத்துக்கு இரவல் வாங்கலாம்? ப்ராப், விங்கர், இரண்டாம் வரிசை. முட்டி முன்னேறுவதும் ஓரத்தில் ஓடுவதும் எந்த கிளப்பிலும் கிட்டத்தட்ட ஒரே வேலை. வியாழன் மாலை வந்து ஞாயிறு ஆடிவிடலாம். 2020-இல் கோவிட் காரணமாக ஆஸ்திரேலியாவின் முதல்தர லீக்கான என்ஆர்எல்-இல் ஆடும் நியூசிலாந்து வாரியர்ஸ் அணி ஆக்லாந்துக்குத் திரும்ப முடியாமல் ஆஸ்திரேலியாவிலேயே தங்கி ஆடியது. ஆள் பற்றாக்குறை வந்தபோது மற்ற கிளப்புகளில் இருந்து லோன் கிடைத்தது. பாராமட்டாவில் இருந்து டேனியல் அல்வாரோவும் ஜார்ஜ் ஜென்னிங்ஸும், பென்ரித்தில் இருந்து ஜாக் ஹெதரிங்டன், சிட்னி ரூஸ்டர்ஸில் இருந்து போவாசா ஃபாமவுசிலி. மூன்று பேர் ப்ராப், ஜென்னிங்ஸ் விங்கர். அணியை நடத்தும் இடங்களில் சொந்த ஆட்களே இருந்தார்கள். நெருக்கடியில் அவசரமாகச் செய்ததாக இருந்தாலும், யாரை எங்கே வாங்குவது என்பதற்கு நான் புதியவர்களுக்குக் காட்டும் உதாரணம் இதுதான்.

முதுகெலும்புக்கே ஆள் வேண்டும் என்றால் முழு சீசன் லோன் கேளுங்கள். திருப்பி அழைக்கும் உரிமையைப் பெரிய கிளப் வைத்துக்கொள்ள விரும்பினால், எந்த நாள் எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வியாழன் பயிற்சிக்கு முன்னால் என்று இருந்தால் நிம்மதி. இதைக் கேட்கக் கூச்சப்படும் மேலாளர்கள்தான் அதிகம்.

நியூடவுனைப் பார்த்து ஏமாறுவது

சிட்னியின் நியூடவுன் ஜெட்ஸ், என்ஆர்எல் கிளப்பான க்ரோனுல்லாவின் வீரர்களோடு ஆடி 2019-இல் நியூ சவுத் வேல்ஸ் கோப்பையை வென்றது. உடனே இங்கேயும் அப்படிச் செய்யலாமே என்கிறார்கள். அது பல ஆண்டுக் கூட்டு. வாராவாரம் யார் வருவார் என்றே தெரியாமல் ஆடும் கிளப்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

தலைக் காயத்தை மறைப்பது, அல்லது கேட்காமல் விடுவது

பெரிய கிளப்பின் பயிற்சியில் தலையில் அடிபட்டவர் நம்மிடம் வந்து ஆடிவிடக் கூடாது. என்ஆர்எல் 2023-இல் மூளை அதிர்ச்சிக்குப் பொதுவாக 11 நாள் ஓய்வு என்று விதி கொண்டுவந்தது சும்மா இல்லை. இரண்டு கிளப் மருத்துவர்களும் நேரடியாகப் பேசட்டும். "நல்லாத்தான் இருக்கேன்" என்று பையன் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆட வேண்டும் என்ற ஆசையில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

சேலஞ்ச் கப்

இந்த நாக்அவுட் கோப்பைப் போட்டியில், பெரிய கிளப்பின் அனுமதி எழுத்தில் இல்லாமல் இரவல் ஆளை இறக்காதீர்கள். வேறு கிளப்புக்கு அந்தக் கோப்பையில் ஏற்கெனவே ஆடியவரா என்றும் பாருங்கள்.

ஈஸ்டர்

பெரிய வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் அடுத்தடுத்து ஆட்டம் வந்தால், இரவல் ஆள் இல்லை என்றே அணியை எழுதுங்கள்.

வந்த பையனை விருந்தாளியாக விடுவது

கடைசி நிமிடத்தில் வந்து, உடை மாற்றும் அறையின் மூலையில் தனியாக உட்கார்ந்து, ஆடி, குளித்து, காரில் ஏறிப் போகும் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் அவர் பெயர் தெரியாது. சனிக்கிழமை காலை நகர்வுகளை மெதுவாக நடந்து பார்க்கும் பயிற்சிக்காவது வரச் சொல்லிப் பெரிய கிளப்பிடம் கேளுங்கள். யாராவது ஒரு மூத்த வீரர் அவருக்குப் போன் போட்டு ஞாயிறு எங்கே வண்டி நிறுத்தலாம், எந்தக் கதவு வழியாக வர வேண்டும் என்று சொல்லட்டும். ஆட்டம் முடிந்ததும் எப்படி ஆடினார் என்ற குறிப்பையும் வீடியோவையும் அன்று இரவே அவருடைய பயிற்சியாளருக்கு அனுப்பிவிடுங்கள். குறிப்பு தவறாமல் வரும் கிளப்புக்குத்தான் அடுத்த முறை நல்ல ஆளாகப் பார்த்து அனுப்புவார்கள்.