வெறும் போர்டில் ஸ்பெக்ட்ரம்: சிப் செருகும் முன்

1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியின் அசல் வெற்று மதர்போர்டு கையில் கிடைத்தால், எல்லாச் சிப்பையும் உடனே வைத்துவிடக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். முதலில் ஐசி சாக்கெட்டுகள் (சிப்புகளைச் செருகும் தாங்கிகள்), அப்புறம் மின்சாரப் பகுதி, அவ்வளவு மட்டும் பற்றவையுங்கள்.

9 வோல்ட் அடாப்டரில் நடுமுனைதான் நெகட்டிவ். இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. பார்த்துச் செருகுங்கள்.

இனி மல்டிமீட்டர். 4116 ராம் (நினைவகச் சிப்) சாக்கெட்டில் 16-ஆம் கால் கிரவுண்ட். கறுப்பு முனையை அங்கே வைத்து, 1-இல் மைனஸ் 5, 8-இல் 12, 9-இல் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். மைனஸ் 5 இல்லாமல் 12 மட்டும் வந்தால் ராம் சிப்புகள் கருகிவிடும். எட்டுச் சிப்பும் சேர்ந்து போகலாம்!

மூன்றும் சரியா? மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சிப்புகளைச் செருகுங்கள். ஸ்பெக்ட்ரத்துக்கென்றே ஃபெரான்டி நிறுவனம் செய்த யுஎல்ஏ சிப் கடைசியில். அசல் இப்போது தயாரிப்பிலேயே இல்லை.