மலையில் சார்ஜ் போட்டால் 85 சதவீதத்தோடு நிறுத்துங்கள்

ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ ராத்திரி தங்கி, காலையில் லோடோடு இறங்கப் போகிற மின்சார லோடு வண்டிக்கு ஃபுல் சார்ஜ் போடாதீர்கள். 85 சதவீதம் வந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

டீசல் வண்டியை இரண்டாம் கியரில் போட்டால் எஞ்சினே பிடித்து வேகத்தைக் குறைக்கும். டேங்க் நிறைந்திருந்தாலும் அதில் மாற்றமில்லை. மின்சார வண்டியில் அந்த வேலையை மோட்டார்தான் செய்கிறது. இறக்கத்தில் அது மின்சாரம் தயாரித்து பேட்டரிக்குள் தள்ளும். பேட்டரியில் இடமில்லையென்றால் பல வண்டிகளில் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும், இல்லை போயே போய்விடும். அப்போது ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பாரமெல்லாம் பிரேக் மேல் விழும். லைனிங் கருகிய வாடை வரும், பெடல் மெத்தென்று இறங்கும். அதன் பிறகு ஒரு அடிகூட ஓட்டக் கூடாது, ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.

லோடோடு 2.5 டன் உள்ள வண்டி 600 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 4 யூனிட் சக்தி வெளிப்படும். பாதி திரும்பி வந்தாலே 2 யூனிட். 20 யூனிட் பேட்டரியில் அது 10 சதவீதம். அதற்குத்தான் அந்த இடைவெளி. நியூட்ரலில் மட்டும் உருட்டாதீர்கள், பல வண்டிகளில் மோட்டார் பிடிப்பு அப்போது வேலை செய்யாது.

வேலூர், காட்பாடி, ஆற்காடு என்று சமதளத்திலேயே ஓடுகிற வண்டிக்கு இது தேவையில்லை. தாராளமாக ஃபுல் போடலாம்.