நண்பர்களோடு அயர்லாந்து: பழைய கற்களும் பப்களும்

முதலில் யார் ஓட்டுவது என்று கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள், ஏனென்றால் இந்தப் பயணத்தில் பப் உண்டு, அயர்லாந்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு, புதிதாக உரிமம் வாங்கியவருக்கு 20. நாளுக்கு ஒருவர் குடிக்காமல் இருந்துவிட்டால் போதும். வண்டி ஓடுவது நம் ஊர் போலவே இடது பக்கம். டப்ளினைச் சுற்றும் எம்50 சாலையில் சுங்கச்சாவடி கிடையாது, மறுநாள் இரவு 8 மணிக்குள் நாமே ஆன்லைனில் கட்ட வேண்டும், மறந்தால் அபராதம்.

முதல் நாள் நியூகிரேஞ்ச். கி.மு. 3200 வாக்கில் எழுப்பிய கல்லறை மேடு, கீசா பிரமிடுகளுக்கும் மூத்தது. டிசம்பரில் ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டி, விடியும்போது சூரிய ஒளி நுழைந்து நடைபாதை வழியே உள்ளறை வரை வரும். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், அதனால் சீட்டை முன்பே எடுத்துவிடுங்கள். இந்த ஒரு இடத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள், அவசரப்பட்டால் பாவம்.

அப்புறம் மேற்கே ஷானன் ஆற்றங்கரையில் க்ளோன்மக்நாய்ஸ், 6-ஆம் நூற்றாண்டில் புனித கியாரன் நிறுவிய மடம். மாலை வெயிலில் அந்த வட்டக் கோபுரத்தையும் கற்சிலுவைகளையும் பார்க்க வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த இடம். இரவு பக்கத்து அத்லோனில் தங்குங்கள். 900-ஆம் ஆண்டிலிருந்து இருப்பதாகச் சொல்லும் ஷான்ஸ் பார் அங்கேதான்.

பப்பில் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்குவது வழக்கம், உங்கள் முறையைத் தவறவிடாதீர்கள். பிடில் வாசிப்பு தொடங்கினால் பேச்சைக் குறைத்துக் கேளுங்கள்.