டெக்சாஸ் சட்டமன்றத்துக்குப் போட்டியிட எண்ணும் பழமைவாதச் சமூகச் செயற்பாட்டாளர் அறிய வேண்டியவை

பள்ளி வாரியக் கூட்டங்களில் எழுந்து பேசியும், சொத்து வரி மதிப்பீட்டை எதிர்த்து அண்டை வீட்டாருக்கு மனு எழுதிக் கொடுத்தும், கருக்கலைப்பு எதிர்ப்பு ஊர்வலங்களை ஒருங்கிணைத்தும் சில ஆண்டுகளைச் செலவிட்ட ஒருவருக்கு, நாமே மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குப் போனால் என்ன என்ற எண்ணம் ஒரு நாள் வருவது இயல்பு. அந்த எண்ணம் வந்த நாளுக்கும் வேட்புமனுவில் கையெழுத்திடும் நாளுக்கும் இடையே செய்ய வேண்டிய வேலைகள் அதிகம். அவற்றுள் பெரும்பாலானவை மேடையில் நடப்பவை அல்ல. உங்களைப் பின்தொடர்வோரும் உங்கள் தொகுதியின் வாக்காளர்களும் ஒரே கூட்டம் அல்லர் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால், கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றும் எதற்காக என்பது எளிதில் விளங்கும்.

டெக்சாஸ் பிரதிநிதிகள் அவையில் 150 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். செனட்டில் 31 பேர், நான்கு ஆண்டுகள். முதன்முறை போட்டியிடுபவருக்குப் பிரதிநிதிகள் அவையே பொருத்தமானது. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி அதன் ஒரு தொகுதியில் சுமார் 1.94 லட்சம் பேர் வாழ்கிறார்கள். செனட் தொகுதியோ ஏறத்தாழ அதைப் போல் ஐந்து மடங்கு. அவைக்குப் போட்டியிட 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகனாகவும், மாநிலத்தில் இரண்டு ஆண்டுகளும் தொகுதியில் ஓராண்டும் குடியிருந்தவராகவும் இருக்க வேண்டும். பிறப்பால் குடிமகனா, பின்னர் குடியுரிமை பெற்றவரா என்ற வேறுபாடு இங்கே இல்லை. ஆனால் தொகுதி எல்லைக்கு ஒரு தெரு தள்ளி வீடு வாங்கியவர்கள் ஓராண்டுக் கணக்கில் சிக்கிக்கொள்வதுண்டு. எனவே வரைபடத்தை உங்கள் முகவரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முதல் வேலை.

இரண்டாவது வேலை வீட்டில் பேச வேண்டியது. இப்பதவிக்கு மாதம் 600 டாலர், அதாவது ஆண்டுக்கு 7,200 டாலர்தான் சம்பளம். கூட்டத்தொடர் நாட்களில் மட்டும் தினப்படி உண்டு. ஒற்றைப்படை ஆண்டுகளின் ஜனவரியில் இரண்டாம் செவ்வாய்க்கிழமை தொடங்கும் வழக்கமான கூட்டத்தொடர் 140 நாட்கள் வரை நடக்கும். ஆளுநர் விரும்பினால் சிறப்புக் கூட்டத்தொடர்களும் சேர்ந்துகொள்ளும். அந்த ஐந்து மாதங்களுக்கு உங்கள் முதலாளி விடுப்புத் தருவாரா, கடை வைத்திருந்தால் யார் பார்த்துக்கொள்வார் என்பதற்கு விடை இல்லாமல் கொள்கை அறிக்கை எழுதத் தொடங்குவதில் பயன் இல்லை. நகர மன்ற உறுப்பினராக ஏற்கெனவே இருப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட பதவிக்காலம் உடையவர், ஓராண்டு முப்பது நாளுக்கு மேல் காலம் மீதமிருக்கும்போது வேறு பதவிக்குப் போட்டியிடுவதாக அறிவித்தால், மாநில அரசியல் சட்டப்படி அந்த அறிவிப்பே பதவி விலகலாகிவிடும். உற்சாகத்தில் முகநூலில் எழுதிய ஒரு வரி நாற்காலியைப் பறிக்கக் கூடும்.

மார்ச் மாதமே உண்மையான களம்

குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக வரையப்பட்ட தொகுதிகளில் நவம்பர் பொதுத்தேர்தல் பெரும்பாலும் சடங்குதான். போட்டி முழுவதும் இரட்டைப்படை ஆண்டின் மார்ச் முதல் செவ்வாயன்று நடக்கும் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தலில் அடங்கியிருக்கிறது. டெக்சாஸில் வாக்காளர் பதிவில் கட்சிப் பெயர் கிடையாது. எந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிப்பது என்பதை அன்றைய நாளில் முடிவு செய்துகொள்ளலாம். 2022 மார்ச்சில் மாநிலம் முழுவதும் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் வாக்களித்தவர்கள் சுமார் 19.5 லட்சம் பேர். 150 தொகுதிகளால் வகுத்தால் சராசரி 13,000; கட்சி வலுவாக உள்ள தொகுதிகளில் இது கூடுதலாக இருக்கும், நகர்ப்புறங்களில் குறையும். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வாழும் தொகுதியின் பிரதிநிதியைப் பத்து அல்லது இருபதாயிரம் பேர் முடிவு செய்கிறார்கள் என்பது மக்களாட்சிக்குப் பெருமை சேர்ப்பதா என்பது வேறு விவாதம். வேட்பாளர் அந்தக் கணக்கின்படிதான் உழைக்க முடியும்.

இதற்கு ஷெல்லி லூதரின் கதை நல்ல பாடம். டாலஸில் அழகு நிலையம் நடத்திய அவர், 2020 கொரோனா ஊரடங்கின்போது கடையை மூட மறுத்துச் சிறை சென்று, மாநில உச்ச நீதிமன்ற ஆணையால் வெளிவந்து, சில நாட்களிலேயே நாடறிந்த பழமைவாதச் செயற்பாட்டாளர் ஆனார். அந்தப் புகழோடு அதே ஆண்டு செனட்டின் 30ஆம் தொகுதி இடைத்தேர்தலில் இறங்கி, டிசம்பர் மறுசுற்றில் ட்ரூ ஸ்பிரிங்கரிடம் தோற்றார். 2022 பிரைமரியில் கிரேசன், ஃபேனின் முதலிய கவுன்டிகளை, அதாவது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளைக் கொண்ட பிரதிநிதிகள் அவையின் 62ஆம் தொகுதியில் ரெஜி ஸ்மித்திடம் மீண்டும் தோற்றார். 2024இல் அதே தொகுதியில் அதே ஸ்மித்தை வென்று, நவம்பரில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொலைக்காட்சியில் முகம் தெரிவது ஒரு தொகுதியில் வாக்காக மாறுவதற்கு ஆண்டுகள் பிடிக்கின்றன என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

2024இல் காற்றும் மாறியிருந்தது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் திட்டத்தை 2023 நவம்பரில் ஸ்மித் உட்பட 21 குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து மசோதாவிலிருந்து நீக்கினார்கள்; ஆளுநர் கிரெக் அபட் அடுத்த பிரைமரியில் அவர்களுள் பலருக்கு எதிராக வெளிப்படையாகவே பிரசாரம் செய்தார். பதவியிலிருந்த பலர் வீழ்ந்தனர். 2025 மே மாதம் அத்திட்டம் நூறு கோடி டாலர் ஒதுக்கீட்டோடு சட்டமாயிற்று. பதவியில் இருப்பவரை எதிர்த்து நிற்க நினைப்பவர், அவர் அளித்த வாக்குகளின் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, தொகுதி மக்களின் மனநிலையோடு எங்கே பொருந்தவில்லை என்று தேட வேண்டும். அப்படி ஒன்றும் கிடைக்காவிட்டால் காத்திருப்பது நல்லது. கிராமப்புறத் தொகுதிகளில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: அங்கே ஊரின் பெரிய வேலைவாய்ப்பே அரசுப் பள்ளிதான் என்பதால், தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் என்று நகரில் கைதட்டல் பெறும் பேச்சு அங்கே அமைதியைத்தான் பெறும்.

அடித்தளம்

போட்டிக்கு ஓரிரு ஆண்டு முன்பே கட்சியின் பிரிசிங்க்ட் தலைவர் பொறுப்பை நாடுங்கள். ஒரு வாக்குச்சாவடிப் பகுதிக்கான சம்பளமில்லாத பொறுப்பு அது; பல கவுன்டிகளில் காலியாகவே கிடக்கிறது. கவுன்டிக் கட்சிக் கூட்டங்களில் யார் சொன்னால் யார் கேட்பார்கள், குடியரசுக் கட்சி மகளிர் மன்றங்களில் யார் பத்து வீடுகளுக்குத் தொலைபேசி செய்யக் கூடியவர் என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியவரும். சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போது ஆஸ்டின் சென்று, உங்களுக்கு அக்கறையான மசோதா குழு விசாரணைக்கு வரும் நாளில் சாட்சியாகப் பதிவு செய்து பேசுங்கள். எந்தக் குடிமகனும் பேசலாம். கிடைப்பது சில நிமிடங்களே. நள்ளிரவு வரை முறைக்காகக் காத்திருந்து பேசியவருக்கு, மசோதாக்கள் எங்கே எப்படி இறந்துபோகின்றன என்பது எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாகப் புரியும்.

பணமும் படிவமும்

ஒரு டாலர் வாங்குவதற்கும் ஒரு டாலர் செலவிடுவதற்கும் முன்பு, சி.டி.ஏ. எனப்படும் பிரசாரப் பொருளாளர் நியமனப் படிவத்தை டெக்சாஸ் நெறிமுறை ஆணையத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். உங்களையே பொருளாளராக நியமித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. எனினும் கணக்கெழுதும் பொறுமை உள்ள வேறொருவரைத் தேடிப் பிடிப்பதே அறிவுடைமை. யாரை நியமித்தாலும் அறிக்கைகளைக் குறித்த நாளில் சேர்க்கும் பொறுப்பு வேட்பாளருடையதே. ஜனவரி 15, ஜூலை 15 ஆகிய நாட்களில் அரையாண்டு அறிக்கைகள். போட்டியாளர் இருந்தால் தேர்தலுக்கு 30 நாள் முன்பும் 8 நாள் முன்பும் மேலும் இரண்டு. தாமதத்துக்கு 500 டாலர் அபராதம் உண்டு. அதைவிட, எதிராளி அந்த அபராதத்தையே துண்டறிக்கையாக அச்சடித்துவிடுவார்.

மாநிலச் சட்டமன்ற வேட்பாளருக்குத் தனிநபர் தரும் நன்கொடைக்கு டெக்சாஸில் உச்சவரம்பு இல்லை. ஆனால் நிறுவனங்களின் பணத்தையும் தொழிற்சங்கங்களின் பணத்தையும் தொடக் கூடாது. நண்பர் தம் உணவகத்தின் நிறுவனக் கணக்கிலிருந்து காசோலை கொடுத்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொந்தக் கணக்கிலிருந்து தரக் கேட்க வேண்டும். ஒருவரிடமிருந்து ஒரு அறிக்கைக் காலத்தில் 100 டாலருக்கு மேல் ரொக்கமாகப் பெறவும் கூடாது.

ஹூஸ்டன், டாலஸ் பகுதித் தமிழர்களிடம் உதவி கேட்கும்போது ஒன்றைத் தவறாமல் விசாரிக்க வேண்டும். குடிமக்களும் பச்சை அட்டை பெற்றவர்களும் நன்கொடை தரலாம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் எந்த மட்டத்துத் தேர்தலுக்கும் பணம் தரக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். அவர்கள் ஊதியமின்றித் தொண்டு செய்யலாம். அத்தகையவர் ஒருவரும் வாக்காளராகப் பதிவு செய்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பென்றே நினைக்கிறேன், ஏனெனில் அதன் விளைவு அவர்களது குடியேற்ற உரிமையையே பாதிக்கக் கூடியது.

நீங்கள் ஏற்கெனவே வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றை நடத்திவந்தால், அதன் பணம், அலுவலகம், மின்னஞ்சல் பட்டியல் ஆகியவற்றைப் பிரசாரத்திலிருந்து முற்றிலும் விலக்கி வையுங்கள். 1954இல் வந்த ஜான்சன் திருத்தம் அத்தகைய அமைப்புகள் வேட்பாளரை ஆதரிப்பதைத் தடை செய்கிறது.

வேட்புமனு ஒற்றைப்படை ஆண்டின் டிசம்பர் இரண்டாம் திங்கள்கிழமை மாலை 6 மணிக்குள் சேர வேண்டும். தொகுதி ஒரே கவுன்டிக்குள் அடங்கினால் கட்சியின் கவுன்டித் தலைவரிடமும், பல கவுன்டிகளில் பரவியிருந்தால் மாநிலத் தலைவரிடமும் தர வேண்டும். கட்டணம் 750 டாலர். நம் ஊர் வைப்புத்தொகை போல இது திரும்பி வராது. பணத்துக்குப் பதில் 500 கையெழுத்துகள் கொண்ட மனுவும் தரலாம். கட்டணம் கட்ட முடிந்தவரும் கையெழுத்து திரட்டுவது நல்லது, ஏனெனில் கையெழுத்திட்ட ஐந்நூறு பேரும் மார்ச்சில் உங்கள் பெயரை நினைவில் வைத்திருப்பார்கள். கடைசி நாள் மாலைவரை இதைத் தள்ளிப் போடாதீர்கள். சொத்து, வருமான விவரங்களைக் காட்டும் தனிநபர் நிதிநிலை அறிக்கை ஒன்றும் பின்னர் ஆணையத்துக்குச் செல்ல வேண்டும்.

வீடுவீடாக

எந்த வாக்காளர் எந்தெந்தப் பிரைமரியில் வாக்களித்தார் என்பது டெக்சாஸில் பொது ஆவணம். கவுன்டியிடம் கட்டணம் செலுத்திப் பெறலாம், வணிகத்துக்குப் பயன்படுத்தத்தான் தடை. கடந்த மூன்று குடியரசுக் கட்சிப் பிரைமரிகளில் இரண்டிலாவது வாக்களித்தவர்களைப் பிரித்தெடுத்து, தெருவாரியாக அடுக்கி, அந்த வீடுகளுக்கு நீங்களே போக வேண்டும். உங்கள் இயக்கத்து நண்பர்களின் பெயர்களை இப்பட்டியலோடு ஒப்பிடும்போது பலருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது: கூட்டத்துக்குத் தவறாமல் வந்தவர்களில் கணிசமானோர் அண்டைத் தொகுதியில் வசிப்பார்கள், சிலர் பிரைமரியில் ஒருமுறைகூட வாக்களித்திருக்க மாட்டார்கள். இரண்டாம் வகையினரை அழைத்துவருவது கடினம், ஆனால் முடியாதது அல்ல. புதியவர்களைப் பதிவு செய்ய நினைத்தால், கவுன்டியில் தன்னார்வத் துணைப் பதிவாளராக நியமனம் பெற்ற பிறகே படிவங்களை வாங்க வேண்டும். பதிவுக்குத் தேர்தலுக்கு 30 நாள் முன்பு கெடு முடிகிறது.

வாசலில் பேசக் கிடைப்பது ஒரு நிமிடம். பழமைவாத வாக்காளரிடம் நீங்கள் பழமைவாதி என்று சொல்வதால் பயன் குறைவு, எதிராளியும் அதையேதான் சொல்வார். சொத்து வரி போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸில் பள்ளிகளும் கவுன்டிகளும் பெருமளவு வீட்டு வரியை நம்பியே நடக்கின்றன. வசிப்பிடத்தின் மதிப்பில் பள்ளி வரியிலிருந்து விலக்கப்படும் தொகை 2023 நவம்பர் வாக்கெடுப்பில் 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராகவும், 2025 நவம்பரில் 1,40,000 டாலராகவும் உயர்ந்தது. அடுத்து என்ன செய்வீர்கள், குறையும் வருவாயை எதைக் கொண்டு ஈடுகட்டுவீர்கள் என்று ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை வாசலில் நின்று கேட்டால், முழக்கத்தில் அல்லாமல் எண்களில் விடை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மதிப்பீட்டு மனு எழுதிக் கொடுத்த உங்கள் பழைய அனுபவம் இங்கேதான் பேசும்.

பிரசாரப் பலகைகளில், நெடுஞ்சாலை எல்லைக்குள் நடுவது சட்டமீறல் என்ற அறிவிப்பு அச்சிடப்பட்டிருக்க வேண்டும். வாக்குச்சாவடி வாயிலிலிருந்து 100 அடிக்குள் வாக்குக் கேட்கக் கூடாது. முன்கூட்டிய வாக்குப்பதிவு தேர்தல் நாளுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுவதால், உங்கள் உழைப்பின் உச்சம் பிப்ரவரியிலேயே வந்துவிட வேண்டும்.

எவரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாவிட்டால் முதல் இருவருக்கிடையே மே மாதம் மறுசுற்று நடக்கும். 2024இல் அவைத்தலைவராயிருந்த டேட் ஃபீலன் மார்ச்சில் இரண்டாமிடம் பெற்று, மறுசுற்றில் 400க்கும் குறைந்த வாக்குகளில் தப்பினார். எனவே கையிருப்பு முழுவதையும் மார்ச்சுக்குள் கரைத்துவிடாமல், மே மாதத்துக்கென ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். தோற்றுவிட்டாலும் ஆணையத்தோடுள்ள கணக்கு முடிவதில்லை. இறுதி அறிக்கை என்று குறிப்பிட்ட படிவத்தைத் தரும்வரை ஜனவரி, ஜூலை அறிக்கைகளைத் தொடர்ந்து தாக்கல் செய்தே ஆக வேண்டும். மறுமுறையும் நிற்க எண்ணமுண்டானால் அந்தப் படிவத்தைத் தராமல், பொருளாளர் நியமனத்தை உயிரோடு வைத்திருக்கலாம்.